தரிசு என்று நான் எழுதிய தாங்கல்

அன்புள்ள ரேவதி,

நீ தையற்காரரிடம் ரவிக்கை வாங்க மாட வீதிக்குப் போயிருக்கிறாய். அப்பா பள்ளிக்கூடத்தில். வீட்டில் நானும் உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளும்தான். மூலைக்கு மூலை மஞ்சள் தடவி வைக்கச் சொல்லிவிட்டுப் போனாய். பத்துப் பத்திரிகைக்குத் தடவியிருப்பேன். பதினோராவதைக் கையில் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக் கனம் பார்த்தேன். “இரண்டு சேர்ந்தால் ஒரு அடி” என்று என் வாய் தானாகச் சொல்லிற்று. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மஞ்சள் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்துவிட்டேன். நீ திரும்பி வரும்போது பாதிப் பத்திரிகை மஞ்சள் இல்லாமல்தான் கிடக்கும். திட்டாதே. இதைப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் பெரியப்பா வந்திருந்தாரே, நம் கூடத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சொந்தத்துல வீடு, மனை எதுவும் கிடையாதா?” என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, “வாடகைதான். நீங்க காபி எடுத்துக்கோங்கோ” என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அதை நான் பார்த்தேன். நெஞ்சில் முள் குத்தியது போல இருந்தது. ஏனென்றால், நமக்கு ஒதுக்கிய மனை கடைசியில் எப்படியோ கிடைக்காமல் போய்விட்டது என்றுதான் உனக்கு நான் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். மனை கிடைத்தது. எழுத்து மூலமாகவே கிடைத்தது. நான்தான் அதை இல்லாமல் பண்ணினேன். எப்படிப் பண்ணினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அழுது வடிந்துகொண்டு எழுதப் போகிறேன் என்று நினைத்துவிடாதே. அந்தச் சில மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் நான் அபிராமபுரத்துக்குக் கிளம்பிவிடுவேன் என்பது உனக்கு நினைவிருக்கும். எங்கள் சீனியர் தன் வீட்டுக் கார் கொட்டகையையே ஆபீஸாக மாற்றி வைத்திருந்தார். அங்கே ஏழு கட்டடக் கலைஞர்கள் கூடுவோம். ஆறு ஆண்கள், நான் ஒருத்தி. ராயப்பேட்டையிலிருந்து வருகிறவர் பக்கோடாப் பொட்டலம் வாங்கி வருவார். பொட்டலம் பிரிவதற்குள் சண்டை தொடங்கிவிடும். தி. நகரில் கடைக்கு மேல் கடை எழும்புகிறதே, கடைக்கு வருகிற ஜனங்கள் எங்கே நிற்பார்கள் என்று ஒருவர் கத்துவார். நம் ஊர் வெயிலுக்குக் கண்ணாடிப் பெட்டி மாதிரி கட்டடம் கட்டி, அப்புறம் உள்ளே வேகிறவர்களுக்காகக் குளிர்சாதன இயந்திரம் வாங்குகிறார்களே, இது என்ன புத்தி என்று நான் கத்துவேன். ஜன்னலுக்கு மேல் ஒன்றரை அடி நிழல் கொடுத்தால் போதும், கடற்காற்று வருகிற பக்கத்தை அடைக்காமல் இருந்தால் போதும் என்று மேசையைத் தட்டுவேன். இருட்டும் வரை ஊரையே இடித்துக் கட்டிவிட்டு, பக்கோடா எண்ணெயைக் கையில் துடைத்துக்கொண்டு அவரவர் பஸ்ஸுக்கு ஓடுவோம். ஊரில் ஒரு செங்கல்கூட நகர்ந்திருக்காது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. நகரம் முழுவதுக்கும் பெரிய திட்டம் ஒன்று தயாராகிறது, கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று. ரேவதி, அன்றைக்கு எங்கள் கொட்டகையைப் பார்த்திருக்க வேண்டும்! சீனியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி அறிவிப்பைப் படித்தார். இத்தனை நாள் பக்கோடாவோடு கரைந்துபோன பேச்சைக் கேட்க அரசாங்கத்திலேயே ஒரு காது முளைத்துவிட்டது என்று எங்களுக்கு ஒரே குதி. இரண்டு மாதத்தில் மனு தயார் செய்தோம். எந்தத் தெருவில் எத்தனை உயரம் கட்டலாம், கட்டடத்தைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், மரத்தை வெட்டாமல் எப்படி வீடு கட்டலாம், எல்லாம் எழுதினோம். நான்காம் பக்கத்தில் என் கைப்பட ஒரு கோரிக்கை: இந்த ஊரில் மிச்சமிருக்கும் ஏரி, குளம், தாங்கல் ஒன்றைக்கூடத் தூர்க்கக் கூடாது. மாம்பலத்தில் ஏரி இருந்த இடத்தில் வீடுகளைக் கட்டிவிட்டு மழைக்காலத்தில் வாளியோடு நிற்கிறோமே, அந்தப் புத்தி கொள்முதல் போதாதா என்று எழுதியிருந்தேன். சீனியர் ‘வாளி’யை அடித்துவிட்டார். மற்றதை வைத்துக்கொண்டார்.

மனுவோடு ஒரு வரைபடம் இணைக்க வேண்டும். அடையாற்றுக்குத் தெற்கே உள்ள பகுதி என் பொறுப்பு. அங்கேதான் நான் வழுக்கினேன். நான் சுற்றிப் பார்க்கப் போனது நல்ல சித்திரை வெயிலில். புளியந்தாங்கல் என்ற இடத்தில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கணக்குப் பிள்ளையின் பதிவேட்டைப் பார்த்தேன். ‘தாங்கல் புறம்போக்கு’ என்று தெளிவாகத்தான் போட்டிருந்தது. நான் மேதாவி, மனு இங்கிலீஷில் அல்லவா போகிறது? அட்டவணையில் எனக்குக் கிடைத்த கட்டம் இரண்டு விரற்கடை அகலம். தாங்கல், புறம்போக்கு இரண்டும் அதில் இடம் கொள்ளவில்லை. புறம்போக்கு என்றால் ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று எனக்கு எப்போதோ மனதில் பதிந்திருந்தது. நம் தெருவில் உதவாக்கரையைத் திட்டுவதற்குக்கூட அந்த வார்த்தைதானே? ‘வேஸ்ட் லேண்ட்’ என்று எழுதினேன். வரைபடத்தில் நீலம் அடிக்க வேண்டிய இடத்தில் மண் நிறத்தை அடித்தேன். கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டேன். நான்காம் பக்கத்தில் தாங்கலைக் காப்பாற்று என்று முழங்கிய அதே கை, கடைசிப் பக்கத்தில் தாங்கலைத் தரிசாக்கிவிட்டது. ஏழு பேரும் படித்தோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இனி அப்பாவின் கதை. ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு வீட்டு வசதிச் சங்கம் வைத்திருந்தார்கள். மனை போட நிலம் தேடிக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் அப்பா சைக்கிளைக் கூடச் சரியாக நிறுத்தாமல் உள்ளே ஓடி வந்தார். நமக்கு மனை ஒதுக்கிவிட்டார்கள், அடையாறு தாண்டி, நல்ல சமதரை, அரசாங்க அனுமதி மட்டும்தான் பாக்கி என்றார். நீயும் நானும் அவரும் கை கோத்துக்கொண்டு கூடத்தில் சுற்றினோம். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாயசம் வைத்தேன். மறுநாளே வீட்டுக்கு வரைபடம் போட ஆரம்பித்தேன். எத்தனையோ பேருக்கு வீடு வரைந்தவள், முதல்முறையாக எனக்கு வரைகிறேன்! அப்பா அந்த நீலப் பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கிடைத்தவர்களிடமெல்லாம் பிரித்துக் காட்டினார். கணக்கு வகுப்பில் பரப்பளவு சொல்லிக்கொடுப்பதற்கும் நம் வீட்டுப் படம்தான்.

ஐப்பசியில் ஒருநாள் மழை விட்டிருந்தது. மனையை அளந்து பார்த்துவிடலாம் என்று டேப்பை எடுத்துக்கொண்டு நான் மட்டும் பஸ் ஏறினேன். அடையாற்றில் இறங்கி, சங்கம் கொடுத்த குறிப்பை வைத்துக்கொண்டு நடந்தேன். வழி முடிகிற இடத்தில் கரை. கரை மேல் ஏறினால் எதிரே கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். தண்ணீருக்குள் எல்லைக் கல் ஒன்று தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. எருமை ஒன்று அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. எருமைக்காரி கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது.

“இன்னாம்மா, டேப்ப வச்சிகினு தண்ணிய அளக்க வந்துகிறியா?” என்றாள்.

“இது என்ன இடம்?” என்றேன். சித்திரையில் வெடித்துக் கிடந்த மண்தான் இந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது என்று எனக்கு அடையாளமே தெரியவில்லை.

“புளியந்தாங்கலு. மேட்டுத் தண்ணியெல்லாம் இங்க வந்துதான் தங்கும். இது ரொம்பினா அப்பால ஆத்துக்குப் பூடும். இது இல்லேன்னா கீய கீற தெருவுல கட்டில் மெதக்கும்.”

“இங்கே வீடு கட்டப் போறாளாமே?”

“அதான் வந்து கல்லு நட்டுட்டுப் பூட்டானுங்க. கேட்டா, இது தரிசுன்னு பெரிய இஞ்சினீருங்களே படம் போட்டு எய்திக் குடுத்துட்டாங்களாம். தண்ணிய வச்சிகினு தரிசுன்னு எந்தக் கஸ்மாலம்மா எய்திருக்கும்?”

“நான்தான்” என்றேன்.

அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதிவேட்டில் புறம்போக்கு என்றுதானே இருந்தது என்று ஏதோ முனகினேன். “புறம்போக்குன்னா வரிக்கு வெளிய கீதுன்னு அர்த்தம்மா. ஊருக்கே பொதுவு. எவனுக்கும் வாணாம்னு தூக்கிப் போட்டதுன்னா நெனச்சிகின?” என்றாள். ரேவதி, ஐந்து வருஷம் கல்லூரியில் படித்து, மேலே பத்து வருஷம் படம் போட்டு, ஒரு சொல்லுக்கு எனக்குக் கிடைத்த சரியான பொருள் அதுதான். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனால் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அந்த அவமானத்துக்கு அடியிலேயே ஒரு துள்ளலும் இருந்தது. எங்கே தப்பு என்று தெரிந்துவிட்டது, இனி அதைத் திருத்தலாம் அல்லவா?

திருத்துவது அத்தனை சுலபமாக இல்லை. சங்கம் எங்கள் மனுவிலிருந்து என் வரைபடத்தையே நகல் எடுத்து அனுமதிக்கு இணைத்திருந்தது. சீனியரிடம் போய்ச் சொன்னேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். “கருத்துக் கேட்கிற கூட்டம் தையில வரது. அங்க போய் ஒரு தப்பை ஒத்துண்டா, மொத்த நாப்பது பக்கத்தையும் குப்பைல போட்டுடுவா. இத்தனை பேர் உழைப்பு அம்மா. சும்மா இருந்துடு” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஒரு தாங்கலுக்காக ஊர் முழுவதுக்கும் கேட்டதை இழப்பதா என்று மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், நாங்கள் எழுதியதில் பொய் இருந்தால் மற்ற முப்பத்தொன்பது பக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தோன்றியது. அவரிடமே போய், நான் சொல்லத்தான் போகிறேன் என்றேன். அவர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அடுத்து அப்பா. இங்கேதான் நான் செய்த இரண்டாவது தப்பு. அவரைக் கேட்கவில்லை. சொன்னேன். “ஏன்னா, அந்த மனை தாங்கலுக்குள்ள இருக்கு. தப்பா எழுதினது நான். கூட்டத்துல போய்ச் சொல்லப் போறேன்” என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டேன்.  “ஒரு ஜன்னலாவது நம்ம இஷ்டத்துக்குத் தெறக்கலாம்னு நெனச்சேன்” என்றார். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், ஆறியிருக்கும். மறுநாள் பார்த்தால் வீட்டுப் படத்தின் நீலப் பிரதியை அளவாக மடித்துப் பள்ளிக்கூடத்து மார்க் புத்தகத்துக்கு அட்டை போட்டிருந்தார். அந்த வருஷம் முழுவதும் நம் வீட்டுக் கூடத்தையும் சமையலறையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். அதைப் பார்த்து நான் குளியலறையில் போய் அழுதது உனக்குத் தெரியாது.

ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. வெறும் வாயால் தப்பு என்றால் யார் கேட்பார்கள்? தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று கண்ணால் காட்ட வேண்டும். நிலத்தின் மேடு பள்ளத்தை அட்டையில் அடுக்கு அடுக்காக வெட்டி ஒட்டி மாதிரி செய்வது எங்கள் வழக்கம். அதற்குக் கெட்டியான அட்டை நிறைய வேண்டும். கடையில் கிடைத்தது எல்லாம் தண்ணீர் பட்டால் ஊறிப்போகிறது. அப்போதுதான் அலமாரியில் இருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டு கண்ணில் பட்டது. வழவழப்பான, உறுதியான அட்டை! ஒன்றை மெழுகில் முக்கித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். அசையவில்லை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்துவிட்டாள். அன்று முதல் மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்றையும் விடவில்லை. பழைய பத்திரிகை இருக்கா, பழைய பத்திரிகை இருக்கா என்று ஏறி இறங்கினேன். எனக்கு மூளை பிசகிவிட்டது என்று குளக்கரைப் பக்கம் பேசிக்கொண்டார்களாம்.

கூடத்தில் படத்தை விரித்து வெட்டிக்கொண்டிருந்தேன். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஒரு பத்திரிகைக்கு ஒரு அடியா வச்சிண்டிருக்கே?” என்று செய்தித்தாள் கேட்டது. ஆமாம் என்றேன். “தப்பு. ரெண்டு சேர்த்தாத்தான் சரிவு கண்ணுக்குத் தெரியும். ஒண்ணுன்னா தண்ணி எந்தப் பக்கம் போறதுன்னே சொல்ல முடியாது.” கொஞ்ச நேரம் கழித்துச் செய்தித்தாள் மடிந்தது. மனிதர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கணக்கு தப்பாகப் போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை! அதற்குப் பிறகு பத்து நாள் நம் வீட்டில் நடந்தது திருவிழா. அவர் அளவு சொல்ல, நான் வெட்ட, நீ மைதாப் பசை காய்ச்ச. தாங்கல், கரை, மேலே உள்ள மேடு, கீழே உள்ள தெருக்கள், தெருவில் வீடுகளுக்குப் பதில் உன் அழிப்பான் துண்டுகள். நான்கடித் தகரத் தட்டில் ஒரு ஊரே எழுந்தது. மனையைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை, அதனால் நம் மனை இருந்த இடம் அதுதான் என்று உனக்குத் தெரியாமலே போயிற்று.

கூட்டத்தன்று காலையில் தட்டைச் சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றினேன். உட்கார இடம் இல்லை. நான் பின்னாலேயே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடற்கரைச் சாலையில் கூட்டம் நடக்கிற அரசாங்க அலுவலகம் வரைக்கும் வேகமாக நடந்தேன். வாசலில் கன்னியம்மா பால் தூக்கோடு நின்றாள். வருகிறேன் என்று சொல்லியிருந்தாள், ஆனால் நிஜமாகவே வருவாள் என்று நான் நினைக்கவில்லை. தூக்கில் என்ன என்று கேட்டேன். “தாங்கல் தண்ணிதான். இன்னாத்துக்கு ஆபீஸ் கொயாத் தண்ணிய ஊத்திகினு?” என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

உள்ளே அதிகாரி, அவருக்கு இரண்டு பக்கமும் உதவியாளர்கள், சங்கத்தின் சார்பில் ஒருவர், பின் வரிசையில் எங்கள் ஆறு பேர். சீனியர் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கத்துக்காரர் எழுந்து, “சார், இது தரிசு நிலம்னு கட்டடக் கலைஞர்களே சொல்லியிருக்காங்க. இதோ அவங்க வரைபடம், இதோ கையெழுத்து” என்று நீட்டினார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். “இது உங்க கையெழுத்தாம்மா?”

“ஆமாம் சார். கையெழுத்து சரி. எழுதினது தப்பு. வெயில் காலத்துல போய்ப் பார்த்துட்டு, புறம்போக்குக்கு அர்த்தம் தெரியாம எழுதிட்டேன். இது தாங்கல்.”

  அதிகாரி, “அப்போ மிச்சப் பக்கத்துல எதையெல்லாம் நம்பறது?” என்று கேட்டார். சீனியர் பயந்த கேள்வி அப்படியே வந்துவிட்டது. “எதையும் நம்ப வேண்டாம் சார். ஒவ்வொண்ணாக் கேளுங்கோ, காட்டறேன். முதல்ல இதைப் பாருங்கோ” என்று தட்டை அவர் மேசை மேல் தூக்கி வைத்தேன். கன்னியம்மா மேட்டிலிருந்து தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் வளைந்து வளைந்து இறங்கித் தாங்கலில் போய்த் தங்கிற்று. கீழே அழிப்பான் வீடுகள் காய்ந்தபடியே இருந்தன. பிறகு நான் களிமண்ணை வைத்துத் தாங்கலை நிரவினேன், மனை போட்டாயிற்று என்றேன். “இப்ப ஊத்து” என்றேன். அவள் ஒரு பாட்டமாகக் கவிழ்த்தாள். தண்ணீர் தெருக்களில் புகுந்து, வீடுகளை அடித்துக்கொண்டு, தட்டைத் தாண்டி, அரசாங்கக் கோப்புகளைத் தாண்டி, நேராக அதிகாரியின் மடியில் போய் விழுந்தது!

அவர் துள்ளி எழுந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் முந்தானையால் மேசையைத் துடைக்கிறேன். அவரோ குனிந்து தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டுச் சரிவில் ஒரு பத்திரிகையின் எழுத்து மெழுகுக்குள் தெரிந்தது. “இது என் மச்சினன் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கே?” என்றார். அறை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. சீனியர் சிரித்த சத்தம்தான் எல்லாவற்றையும் விடப் பெரிது. அப்புறம் அவர் முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். ஒவ்வொரு பக்கமாகக் கேள்வி வந்தது. ஏழு பேரும் மாறி மாறிப் பதில் சொன்னோம். மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டோம். என் வாழ்நாளில் அப்படி ஒரு பகல் பொழுது இன்னொன்று இல்லை, ரேவதி. உன்னைப் பெற்ற நாளைக்கூட அதற்கு அடுத்ததாகத்தான் வைப்பேன், கோபித்துக்கொள்ளாதே.

கேட்டது எல்லாம் கிடைத்துவிடவில்லை. கண்ணாடிப் பெட்டிகள் இன்னும் எழும்பிக்கொண்டுதான் இருக்கின்றன. தி. நகரில் நிற்க இன்னும் இடம் இல்லை. ஆனால் சில மாதம் கழித்து வந்த உத்தரவில் புளியந்தாங்கல் நீர்நிலை என்று இருந்தது. படத்தில் நீலம். சங்கத்துக்கு மேட்டுப் பக்கம் மட்டும் அனுமதி கிடைத்தது. பள்ளத்தில் இருந்த மனைகள் போயின, அதில் நம்முடையதும் ஒன்று. மேட்டில் எங்கேயாவது மாற்றித் தருவதாக யாரும் சொல்லவில்லை. சொல்வார்களா? ஆசிரியர் அறையில் அப்பாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. உன் பெண்டாட்டியால் எங்கள் வீடும் போயிற்று என்று முகத்துக்கு நேரே சொன்னவர் ஒருவர். அவர் வீட்டுக் குழந்தைகள் உன்னோடு விளையாட வராமல் போனபோது, பரீட்சை வருகிறது என்று உன்னிடம் சொல்லி மழுப்பினேன். மனை கிடைக்கவில்லை என்று நான் சொன்ன பொய்யும் அந்த நாளில்தான். உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொண்டவளுக்கு, பெற்ற பெண் முன்னால் நாக்கு எழவில்லை.

நீயும் இப்போது டிராயிங் போர்டின் முன்னால் உட்காருகிறவள். பெங்களூரில் போய் அந்த ஆபீஸில் சேர்ந்ததும் உன்னிடமும் ஒரு அட்டவணை வரும். கட்டம் சின்னதாக இருந்தால் கட்டத்தைப் பெரிசாக்கு, சொல்லைக் குறைக்காதே. எந்த இடத்தையும் ஒரே பருவத்தில் பார்த்துவிட்டுப் படம் போடாதே. மழையிலும் ஒருமுறை போய் நில். அங்கே இருப்பவர்களிடம் பேர் என்ன, ஏன் அந்தப் பேர் என்று கேள். தப்பு என்று தெரிந்தால் அடுத்தவர் வாயால் வருவதற்குள் உன் வாயால் சொல்லிவிடு. இதையெல்லாம் தயங்காமல் எழுதிவிடுவேன். வீட்டு விஷயத்தில்தான் பேனா நிற்கிறது. வெளியில் போய்ச் சொல்வதற்கு முன்னால் வீட்டுக்காரரைக் கேள், வெறுமனே சொல்லாதே, கேள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அதைத்தான் நான் செய்யவில்லை, அதற்காகத்தான் வருஷக்கணக்கில் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. ஆனால் அதற்கு அப்பா சொன்ன பதிலையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வருஷம் கார்த்திகையில் மழை பிய்த்து உதறியதே, நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். ஆற்றில் வெள்ளம் வடிந்த மறுநாள், “வா, போய்ப் பார்த்துட்டு வரலாம்” என்று அப்பா குடையை எடுத்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. தாங்கலின் கீழ்ப்பக்கத் தெருக்கள் வழியாகத்தான் நடந்தோம். வாசலில் ஈரம், சேறு. யார் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகவில்லை. ஒரு வாசலில் ஒரு பெண் கோலமே போட்டிருந்தாள். கரை மேல் ஏறினோம். தாங்கல் தளதளவென்று நிறைந்து, மறுகரையில் மிகுதி நீர் வெளியேறுகிற கலங்கல் வழியாக வழிந்துகொண்டிருந்தது. அப்பா குடையை மடக்கினார். குடைக் காம்பை நீட்டித் தண்ணீர் மேல் ஒரு கோடு காட்டினார். “இது வாசல். இது கூடம். சமையல் உள்ளுல இப்போ கழுத்தளவு தண்ணி நிக்கறது. அதோ பார், ரேவதி ரூம்ல நாரை.” அவர் மனதில் அந்தப் படம் ஒரு கோடுகூட அழியாமல் இருந்தது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “ஏன்னா, அன்னிக்கு உங்களைக் கேக்காமயே பண்ணிட்டேன்” என்றேன். 

அவர் நாரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “நல்ல வேளை, நீ கேக்கலை” என்றார்.

அன்புடன்,
உன் அம்மா